செய்லர் மூன் கிரிஸ்டல் முதல் எபிசோடு ஏன் ஒட்டல? கோயம்புத்தூர் அக்கா கேட்ட கேள்வி

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளம்தான், ஆனா முழுசா வாசிச்சுடறேன். ஏன்னா இதுல எனக்கும் ஒரு குட்டு இருக்கு.

“தம்பி, முன்னாடி ஒரு வீடியோவுல மேஜிக்கல் கேர்ள் கதை, அதான் சாதாரணப் பொண்ணு மந்திர சக்தியால மாறிச் சண்டை போடற ஜப்பான் கார்ட்டூன், பாக்கணும்னா செய்லர் மூன்லேர்ந்து ஆரம்பிங்கன்னு சொன்னீங்க. அதை நம்பி என் பொண்ணோட உக்காந்தேன். அவளுக்கு ஒம்பது வயசு. தேடினதும் செய்லர் மூன் கிரிஸ்டல்னு வந்துச்சு. புதுசாத்தான் இருக்கு, கலரும் பளிச்சுனு இருக்குன்னு அதையே போட்டேன். முதல் எபிசோடு முடியறதுக்குள்ள எனக்கு ரெண்டு கொட்டாவி. அந்தப் பொண்ணு செய்லர் மூனா மாறுற எடத்துல என் பொண்ணு, ‘அம்மா, இந்த அக்கா ஏன் திடீர்னு பொம்மையாயிட்டாங்க’ன்னு கேட்டா. என் தங்கச்சி பையன் என்ன சொல்றான்னா, இதுதான் மாங்காவுல, அதான் ஜப்பான் காமிக்ஸ் புத்தகத்துல, இருக்கறபடியே எடுத்தது, பழைய சீரிஸ்ல பாதி இவங்களா சேத்துக்கிட்டதுன்னு. அப்ப கதையே இவ்ளோதானா? மேல பாக்கறதா, விட்டுடறதா? கோயம்புத்தூர்லேர்ந்து.”

அக்கா, முதல்ல மன்னிச்சுக்குங்க. தப்பு என்னோடது. செய்லர் மூன்னு சொன்னேனே தவிர எந்த செய்லர் மூன்னு சொல்லல. என் மனசுல செய்லர் மூன்னாலே 1992ல வந்ததுதான், அதனால சொல்லணும்னே தோணல. ஊருக்குள்ள ரெண்டு முருகன் கோயில் இருக்கறப்ப கோயிலுக்குப் போங்கன்னு மட்டும் சொன்ன கதை.

ரெண்டையும் எடுத்தது டோய் அனிமேஷன்ங்கற ஜப்பான் ஸ்டூடியோதான். பழசு 1992 மார்ச் 7, சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு டிவி அசாஹில ஆரம்பிச்சு, 1997 பிப்ரவரி வரைக்கும் 200 எபிசோடு ஓடுச்சு. நீங்க பாத்த கிரிஸ்டல் 2014 ஜூலை 5ல வந்தது. அது டிவில வரல, நெட்டுல வந்துச்சு. மாசத்துல முதல் சனி, மூணாவது சனி, ஆக ரெண்டே எபிசோடு.

எனக்கு அந்த நாள் நல்லா ஞாபகம் இருக்கு. ஜப்பான்ல ராத்திரி ஏழு மணின்னா நமக்கு மத்தியானம் மூன்றரை. அப்ப நான் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோல கிளீன்-அப் வேலை பாத்துட்டிருந்தேன். கிளீன்-அப்னா, பெரியவங்க கிறுக்கிக் குடுத்த படத்து மேல சுத்தமா ஒத்தைக் கோடு போட்டுத் தர்றது. சனிக்கிழமை அரை நாள். அஞ்சு பேரு ஒரு மானிட்டர் முன்னாடி சேர் போட்டு உக்காந்துட்டோம். ஏன் இவ்ளோ ஆர்ப்பாட்டம்னா, இந்த சீரிஸை 2012லயே, இருபதாவது வருஷக் கொண்டாட்டத்துல அறிவிச்சுட்டாங்க. 2013 கோடைல வரும்னாங்க, வரல. தள்ளித் தள்ளி ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. அவ்ளோ நாள் காக்க வச்சா பந்தில எதைப் போட்டாலும் வாய் குத்தம் சொல்லத்தான் செய்யும், அதையும் ஒத்துக்கறேன்.

முதல்ல பாட்டு வந்துச்சு, மூன் பிரைட். மோமோய்ரோ க்ளோவர் இசட்ங்கற ஜப்பான் பொண்ணுங்க குழு பாடினது. எங்க சேர் எல்லாம் ஆடுச்சு. அந்தப் பாட்டை இன்னிக்கும் நான் கொறை சொல்ல மாட்டேன். அதுக்கப்புறம் இருபது நிமிஷம் பக்கம் யாரும் ஒண்ணும் பேசல. முடிஞ்சதும் எங்க சீனியர் ஒருத்தர் எந்திரிச்சு, “எல்லாம் இருக்குடா, ஆனா கொதிக்கல”ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார். புளி, பருப்பு, உப்பு, பெருங்காயம் எல்லாம் போட்டாச்சு, ஆனா கொதி வரல. அக்கா உங்க கொட்டாவி அதுதான்.

என்ன கொதிக்கலன்னு பாப்போம். கதை தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. சுகினோ உசாகின்னு பதினாலு வயசுப் பொண்ணு. தூங்குமூஞ்சி, அழுமூஞ்சி, பரீட்சைல 30 மார்க். நெத்தில பிறை இருக்கற லூனான்னு ஒரு கருப்புப் பூனை வந்து, நீதான் செய்லர் மூன், எந்திரிச்சு சண்டை போடுன்னு சொல்லுது. அவ ஃப்ரெண்டு நாருவோட அம்மா நகைக்கடை வச்சிருக்காங்க. அந்தம்மா வேஷத்துல ஒரு பேய் உக்காந்துக்கிட்டு நகை வழியா ஊர்ப் பொம்பளைங்க சக்தியெல்லாம் உறிஞ்சுது. உசாகி மாறுறா, பயந்து அழறா, எப்படியோ ஜெயிக்கறா. அவ்ளோதான் முதல் எபிசோடு, ரெண்டு சீரிஸ்லயும் இதேதான்.

நடுவுல ஒண்ணு. சுகினோ உசாகின்னா ‘நிலாவோட முயல்’னு அர்த்தம் வரும். நமக்கு நிலாவுல பாட்டி வடை சுடறா, ஜப்பான்காரங்களுக்கு நிலாவுல முயல் மோச்சிங்கற அரிசிப் பண்டத்துக்கு இடிக்குது. நம்ம ஊர்லயும் நிலாக் கறையை முயல்னு சொல்ற வழக்கம் உண்டு. உங்க பொண்ணுகிட்ட இதைச் சொல்லுங்க, அந்தப் பேரு சட்டுனு ஒட்டிக்கும்.

சரி, ரெண்டு எபிசோடுக்கும் கதை ஒண்ணுதான். வித்தியாசம் எங்கன்னா, அந்த 30 மார்க் பேப்பர்ல. உசாகி பேப்பரைக் கசக்கி எறிவா, அது நேரா போய் ஒருத்தன் தலையில விழும். அவன் பிரிச்சுப் பாத்துட்டு, அவ தலையில இருக்கற ரெண்டு உருண்டைக் கொண்டையையும் சேத்து வச்சுக் கிண்டல் பண்ணுவான். அவன்தான் பின்னாடி அவளோட காதலன் மமோரு.

1992ல இந்த எடத்துல உசாகிக்கு மூஞ்சியே ஒரு நிலைல நிக்காது. கோவம் வந்தா மூஞ்சி ரப்பர் மாதிரி இழுபடும். அழுதா கண்ணீர் சொட்டாது, குழாய் ஒடைஞ்ச மாதிரி கொட்டும். வாயைத் தொறந்தா மூஞ்சில வாய் மட்டும்தான் இருக்கும். அவ அழகா இல்லாத நேரம்தான் அந்த எபிசோடுல ஜாஸ்தி. அதனாலதான் கடைசில அவ அழகா நின்னு பேசறப்ப நமக்கு ஒரு மாதிரி ஆகுது, அட, நம்ம அழுமூஞ்சியா இதுன்னு. பக்கத்து வீட்டு வாலு, ஒரு நாள் தாவணி கட்டிட்டு வந்து நிக்கற மாதிரி.

கிரிஸ்டல்ல அவ எப்பவுமே அழகா இருக்கா. எந்திரிக்கறப்ப அழகு, ஸ்கூலுக்கு லேட்டா ஓடறப்ப அழகு, 30 மார்க் வாங்கினாலும் கண்ணுல நட்சத்திரம். ரெண்டு மூணு எடத்துல கோமாளி மூஞ்சி வருது, இல்லைன்னு சொல்லல. ஆனா அது விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போயிடுது. முதல் ஃப்ரேம்லயே இளவரசியா இருக்கறவ மாறி என்னவா ஆகப் போறா? மாற்றம்னு சொல்லணும்னா கீழேர்ந்து மேல வரணும்ல.

இதுக்கு ஒரு தொழில் காரணம் இருக்கு. மாங்கா வரைஞ்சது நவோகோ தகேஉச்சி. அவங்க கோடு ரொம்ப மெல்லிசு. நீளக் கை, நீளக் கால், கண்ணுக்குள்ள மினுக்கு, பின்னால வீட்டுக்கோ ரோட்டுக்கோ பதிலா பூவும் வெளிச்சமும். புத்தகத்துல அது அற்புதம். ஆனா அது நிக்கறதுக்குன்னு வரைஞ்ச மூஞ்சி. 1992ல கசுகோ ததானோன்னு ஒரு டிசைனர், அந்த மூஞ்சியை எடுத்து உருண்டையா, எளிசா, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒடையாத மாதிரி மாத்தினாங்க. அது அசையறதுக்குன்னு வரைஞ்ச மூஞ்சி. கிரிஸ்டல்ல இருபது வருஷம் கழிச்சு, இல்ல, நாங்க புத்தகத்துல இருக்கற அதே கோட்டைத்தான் போடுவோம்னு பிடிவாதம் பிடிச்சாங்க.

நான் கிளீன்-அப் பண்ணினவன், அதனால சொல்றேன். தாடை கூரா, கண்ணு பெருசா, மூக்கு ஒரு புள்ளியா இருக்கற மூஞ்சியை முக்கால் பக்கம் திருப்பிப் போடறது கொடுமை. கண்ணு ஒரு கோட்டளவு இறங்கினாலும் வேற ஆளாயிடும். உருண்டை மூஞ்சின்னா மன்னிச்சுடும், இந்த மூஞ்சி மன்னிக்காது. அந்த சீரிஸ்ல அடுத்தடுத்த எபிசோடுகள்ல கண்ணு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்னு போன ஃப்ரேமுங்களை எல்லாரும் எடுத்து வச்சுச் சிரிச்சாங்க. டிஸ்க்கா வந்தப்ப பல எடத்துல படத்தைத் திருத்திப் போட்டாங்க. நான் சிரிக்கல. ராத்திரி பதினொரு மணிக்கு அந்த மூஞ்சியைப் போட்டுட்டு உக்காந்திருந்தவன் யாரோ, அவனை நெனச்சேன்.

இப்ப பாப்பாவோட கேள்விக்கு வர்றேன். எனக்கு இதுதான் இன்னிக்கு வந்ததுலயே நல்ல கேள்வி. அந்த அக்கா ஏன் பொம்மையாயிட்டாங்க?

நெஜமாவே பொம்மையாத்தான் ஆக்கினாங்க கண்ணு. அதுவரைக்கும் நீ பாத்தது கையால வரைஞ்ச படம். மாறுற சீன் மட்டும் கம்ப்யூட்டர்ல ஒரு உருவம் செஞ்சு அதை ஆட்டினது, த்ரீ-டி.

கையால வரையறப்ப ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம் இருந்தாலும் 24 படம் வரைய மாட்டாங்க. ஜப்பான் டிவி அனிமேல ஒரே படத்தை ரெண்டு ஃப்ரேமுக்கு, மூணு ஃப்ரேமுக்கு நிறுத்தி வைப்பாங்க. அதாவது செகண்டுக்கு பன்னெண்டு படம், இல்லன்னா எட்டு படம். நம்ம கண்ணு அந்தத் தாளத்துக்குப் பழகிடுது. த்ரீ-டி உருவத்தை ஆட்டினா அது வழவழன்னு, எண்ணெய் மேல வழுக்கற மாதிரி போகும். பக்கத்துல பக்கத்துல ரெண்டு தாளம். பெரியவங்களுக்கு என்னமோ சரியில்லன்னு மட்டும் தோணும். கொழந்தைங்க பேரு வச்சுடுவாங்க, பொம்மைன்னு.

இன்னொண்ணு, கையால வரையறவன் பொய் சொல்லுவான். கை சுழல்றப்ப கையை நெஜத்தைவிட நீட்டிடுவான். ஒரு போஸ் வந்ததும் அதை நாலு ஃப்ரேம் கூடுதலா நிறுத்தி, நாம மூச்சு விடற நேரம் குடுப்பான், அப்புறம் சடார்னு அடுத்ததுக்குப் போவான். நாட்டியத்துல அடவு முடிஞ்சு ஒரு நொடி நிக்கறாங்க பாருங்க, அது. கிரிஸ்டலோட அந்த சீன்ல நிக்கற எடம் இல்ல. ஒரே சீரா, திருகாணி மாதிரி சுத்திட்டே இருக்கா. த்ரீ-டியே தப்புன்னு சொல்லல. இதே டோய், ப்ரிக்யூர்ங்கற இன்னொரு மேஜிக்கல் கேர்ள் சீரிஸ்கள்ல 2009லேர்ந்து கடைசிப் பாட்டுக்கு த்ரீ-டில ஆட விட்டாங்க, பிரமாதமா இருக்கும். ஆனா அது முழுப் பாட்டுமே அப்படி. கையால வரைஞ்ச கதைக்கு நடுவுல கொண்டுவந்து செருகல.

இது சாதாரண சீனா இருந்தா நான் இவ்ளோ பேச மாட்டேன். மேஜிக்கல் கேர்ள் சீரிஸ்ல மாறுற சீனுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஜப்பான்ல அதை பேங்க்னு சொல்லுவாங்க, நம்ம பேங்க்தான். ஒரு தடவை நல்லா செலவு பண்ணி, கை தேர்ந்த ஆளை வச்சு வரைஞ்சு, பெட்டில போட்டு வச்சுடுவாங்க. அப்புறம் வாராவாரம் எடுத்து எடுத்துப் போடலாம், முப்பது நாப்பது செகண்டு வேலை மிச்சம். கஞ்சத்தனத்துல பொறந்த வழக்கம்தான். ஆனா நல்லா வரைஞ்சிருந்தா, இருபதாவது தடவை வர்றப்பவும் கொழந்தைங்க கூடவே எந்திரிச்சு நின்னு சுத்தும். 1992 சீனை நான் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கில்ல.

அப்ப முதல் எபிசோடுல போடற அந்தச் சீன் ஒரு வைப்புத்தொகை மாதிரி. அது நல்லா இருந்தா சீரிஸ் முழுக்க வட்டி வரும். மோசமா இருந்தா வாராவாரம் கடன். எங்க அஞ்சு பேர்ல ரெண்டு பேரு அன்னிக்கே, “இதையா இனிமே மாசம் ரெண்டு தடவை பாக்கணும்”னு தலையில கை வச்சுட்டாங்க. முதல் எபிசோடு ஏமாத்தினா அடுத்ததுல பிக்அப் ஆயிடும்னு சொல்லுவோம்ல, இந்த ஏமாத்தம் மட்டும் கூடவே வரும்.

சரி, உங்க தங்கச்சி பையன் சொன்னது. மாங்காவுல இருக்கறபடி எடுத்தது கிரிஸ்டல்தான், அது நூத்துக்கு நூறு உண்மை. ஒரு அத்தியாயத்துக்கு ஒரு எபிசோடு, அதுதான் கணக்கு. முதல் கதையை 14 எபிசோடுல முடிச்சு, அடுத்ததை 12ல முடிச்சாங்க, மொத்தம் 26. அதே முதல் கதைக்கு 1992ல 46 எபிசோடு. உசாகியோட சேந்து சண்டை போடற தோழிங்க இருக்காங்க. கிரிஸ்டல்ல அதுல மெர்குரி ரெண்டாவது எபிசோடுலயே வந்துடுவா, மார்ஸ் மூணாவது. பழசுல மெர்குரிக்கு எட்டாவது எபிசோடு வரைக்கும் காத்திருக்கணும், ஜூபிடருக்கு இருபத்தஞ்சு, வீனஸுக்கு முப்பத்துமூணு.

பழசுல பாதி இவங்களா சேத்ததுதான், அதையும் ஒத்துக்கறேன். வேற வழியே இல்ல. மாங்காவோட முதல் அத்தியாயம் நகயோஷின்னு ஒரு மாசப் பத்திரிகைல 1991 டிசம்பர் கடைசிலதான் வந்துச்சு. அனிமே மார்ச்லயே ஆரம்பிச்சுடுச்சு. புத்தகம் மாசத்துக்கு ஒண்ணு, டிவி வாரத்துக்கு ஒண்ணு. கதை எழுதறவங்க கைக்கு வராத கதையை எடுக்க முடியுமா? அப்ப டைரக்டர் ஜுனிச்சி சாதோ டீம் என்ன பண்ணாங்கன்னா, நடுவுல இருக்கற நாளையெல்லாம் உசாகியோட சாதாரண வாழ்க்கையால ரொப்பினாங்க. அம்மாகிட்ட திட்டு, தம்பியோட சண்டை, கேம் சென்டர், பரீட்சை, பசி.

நாருன்னு அந்த நகைக்கடைப் பொண்ணு இருக்கால்ல, மாங்காவுல அவ ஒரு ஓரத்து ஆள். பழைய அனிமேல வில்லன் கூட்டத்துல இருக்கற நெஃப்ரைட் மேல அவளுக்கு ஒரு ஆசை வந்து, அது எபிசோடு எபிசோடா வளந்து, 24வது எபிசோடுல அவ கண்ணு முன்னாலயே அவன் சாகறான். புத்தகத்துல இல்லவே இல்ல. இட்டுக்கட்டினதுதான். ஆனா அந்த எபிசோடு முடிஞ்சு நான் சாப்பிடாம உக்காந்திருக்கேன். இட்டுக்கட்டினது எல்லாம் தண்டம்னா, நம்ம ஊர்ல தெருக்கூத்துக்காரங்க பாரதத்துக்குள்ள சேத்துச் சொல்ற கதையெல்லாம் தண்டமா?

அதுக்காக 1992ல எல்லாமே தங்கம்னு நெனச்சுடாதீங்க. நாலாவது எபிசோடு உசாகி குண்டாயிட்டான்னு டயட், ஜிம்னு போகும். ஒம்பது வயசுப் பொண்ணோட பாக்கறதுன்னா நான் அதைத் தாண்டிடுவேன். பல வாரம் ஒரே அச்சுதான், பேய் வரும், சக்தி உறிஞ்சும், தலையில இருக்கற பட்டத்தைக் கழட்டி எறிவா, பேய் தூளாகும். உசாகியைக் காப்பாத்த முகமூடியோட வந்து, ரோஜாவை வீசிட்டு வசனம் பேசற டக்ஸிடோ மாஸ்க்கும் பழைய அனிமேவோட கைவரிசைதான். அதைப் பாத்து சிரிப்பு வந்தா தாராளமா சிரிங்க, நாங்களும் சிரிச்சவங்கதான்.

அப்ப புத்தகம் நல்லாயில்லையா? அப்படி இல்லக்கா. புத்தகத்துல படிக்கறவர் கைலதான் நேரம் இருக்கு. ஒரு பக்கம் முழுக்க உசாகி முகம், சுத்தி பூ, ஒரு வரி வசனம். நான் அதுல பத்து செகண்டு நிப்பேன், நீங்க ரெண்டு செகண்டுல தாண்டுவீங்க, ரெண்டும் சரி. கிரிஸ்டல் என்ன பண்ணுச்சுன்னா அந்தப் பக்கத்தை அப்படியே திரைல வச்சு, மேல இசையைப் போட்டு, கேமராவை மெதுவா நகர்த்துச்சு. இப்ப நேரம் அவங்க கைல. நமக்கு நிக்கவும் முடியல, தாண்டவும் முடியல. கொட்டாவி அங்கதான் வருது.

இன்னொரு சங்கடம், கிரிஸ்டலோட முதல் எபிசோடு யாருக்காக எடுத்ததுன்னு பாருங்க. ஏற்கெனவே செய்லர் மூனை நேசிக்கறவங்களுக்கு. ஆரம்பத்துலயே கனவு மாதிரி நிலா ராஜ்ஜியம், இளவரசி, இளவரசன். அது யாருன்னு தெரிஞ்சவங்களுக்கு நெஞ்சு அடைக்கும். உங்க பொண்ணுக்கு? யாரோ ரெண்டு பேரு வெள்ளை டிரெஸ்ல நிக்கறாங்க. பழசுல அந்த இளவரசி யாருங்கறதை 34வது எபிசோடு வரைக்கும் மூடி வச்சிருந்தாங்க. அதுக்குள்ள நாம உசாகியோட சேந்து முப்பது தடவை ஸ்கூலுக்கு லேட்டா ஓடியிருப்போம். கல்யாண ஆல்பம் காட்டற மாதிரி இருக்கு கிரிஸ்டல். சொந்தக்காரங்களுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு கதை, வெளியாளுக்கு எல்லாப் பக்கமும் ஒரே பட்டுப் புடவை.

நல்லது ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு. உசாகிக்குக் குரல் குடுத்தது கோதோனோ மிட்சுஇஷி, 1992ல குடுத்த அதே அம்மா. மத்த முக்கியமான குரல் எல்லாரையும் மாத்திட்டாங்க, அவங்க மட்டும் திரும்பி வந்தாங்க. இருபத்திரெண்டு வருஷம் கழிச்சு அதே பதினாலு வயசு அழுகை. சண்டை நடுவுல பயந்து போய் ஓன்னு அழற எடம் வருதுல்ல, அங்க கண்ணை மூடிட்டுக் கேட்டுப் பாருங்க. படத்துல இல்லாத உயிர் குரல்ல இருக்கும். அன்னிக்கு எங்க கூட்டத்துல அந்த ஒரு எடத்துலதான் எல்லார் மூஞ்சிலயும் சிரிப்பு வந்துச்சு. பின்னணி இசை யசுஹாரு தகானாஷி, அதுவும் தரமான வேலை. டைரக்டர் முனேஹிசா சகாயும் சாதாரண ஆள் இல்ல, ஒன் பீஸ்ல வேலை பாத்தவர், ப்ரிக்யூர்ல ஒரு முழு சீரிஸ் எடுத்தவர். திறமை இல்லாம வந்த ஏமாத்தம் இல்ல இது. பயபக்தி ஜாஸ்தியாகி வந்தது. சாமி சிலையைக் கழுவவே பயந்தா எப்படி?

இந்தக் கதைக்கு ஒரு பின்கதையும் இருக்கு. கிரிஸ்டல் மூணாவது சீசன் 2016 ஏப்ரல்ல வந்துச்சு. இந்தத் தடவை டிவில, வாராவாரம், 13 எபிசோடு. புது டைரக்டர் சியாகி கோன், புது டிசைனர் அகிரா தகாஹாஷி. பாத்தீங்கன்னா மூஞ்சியெல்லாம் உருண்டுடுச்சு, கோமாளித்தனம் திரும்பிடுச்சு, மாறுற சீனை மறுபடி கையால வரைஞ்சுட்டாங்க. பதினஞ்சு நாளுக்கு ஒண்ணுன்னு நேரம் இருந்தப்ப வராத அழகு, வாரத்துக்கு ஒண்ணுன்னு ஓடறப்ப வந்துச்சு. நேரம் மட்டும் இருந்தா போதாது, அசையற மாதிரி ஒரு டிசைன் வேணும்ங்கறதுக்கு இதைவிட சாட்சி எனக்குத் தெரியல. கதை மட்டும் அப்பவும் புத்தகத்துல இருக்கறபடியேதான். அதனால மாங்காவைப் பின்பத்தினதால கெட்டுச்சுன்னு நான் சொல்லல, உங்க தங்கச்சி பையன்கிட்ட அதை மறக்காம சொல்லிடுங்க. கோட்டைப் பின்பத்தினாங்க, உயிரை விட்டுட்டாங்க, அதுதான் என் கோவம்.

மேல பாக்கறதா விடறதான்னு கேட்டீங்க. இப்போதைக்கு கிரிஸ்டலை நிறுத்தி வைங்க. 1992 முதல் எபிசோடைத் தேடிப் போடுங்க. படம் சதுரமா இருக்கும், கலர் கொஞ்சம் மங்கலா இருக்கும், முதல் அஞ்சு நிமிஷம் பாப்பா முகம் சுளிக்கலாம். லூனா ஜன்னல் வழியா வந்து பேசற வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்க. நாலாவதை விட்டுட்டு எட்டாவது எபிசோடு வரைக்கும் பாருங்க, அதாவது மெர்குரி வர்ற வரைக்கும். அதுக்குள்ள பிடிக்கலன்னா விட்டுடலாம், உங்க மேல தப்பில்ல, செய்லர் மூன் பிடிக்காதவங்களும் மனுசங்கதான். பிடிச்சுதுன்னா அந்த 46 எபிசோடையும் முடிச்சுட்டு, அப்புறமா கிரிஸ்டலுக்கு வாங்க. அப்ப நீங்களும் சொந்தக்காரங்க ஆயிருப்பீங்க, ஆல்பம் வேற மாதிரி தெரியும். நானே ரெண்டாவது தடவை பாத்தப்ப முதல் தடவை அளவுக்குக் கசக்கல.

ஒரு எச்சரிக்கை. தேடறப்ப மடோகா மேஜிகான்னு 2011ல வந்த ஒரு மேஜிக்கல் கேர்ள் சீரிஸும் பக்கத்துலயே வந்து நிக்கும், ரோஸ் கலர்ல, ரொம்ப சாதுவா. முதல் எபிசோடு பாத்து ஏமாந்து பாப்பாவோட உக்காந்துடாதீங்க. அது பெரியவங்களுக்கு எடுத்தது, ராத்திரி தூக்கம் போயிடும். சின்னவளோட பாக்க இன்னொண்ணு வேணும்னா 2004ல வந்த முதல் ப்ரிக்யூர் இருக்கு. டிராகன் பால் இசட்ங்கற சண்டை சீரிஸை எடுத்த தைசுகே நிஷியோதான் டைரக்டர், மாறினதும் பொண்ணுங்க மந்திரக்கோலைச் சுத்தாம நேரா குத்து விடுவாங்க. என் அக்கா பையன், பொண்ணுங்க கதை பாக்க மாட்டேன்னு அடம் பிடிச்சவன், அதைப் பாத்துட்டு சோபாவை ஒடைச்சான்.

பாப்பாவுக்கு ஒரு வேலை குடுக்கறேன். 1992ல உசாகி மாறுற சீன் வர்றப்ப, அவ எந்தெந்த எடத்துல ஒரு நொடி அசையாம நிக்கறான்னு எண்ணச் சொல்லுங்க. அப்புறம் நீங்க பாத்த கிரிஸ்டல்லயும் அதே மாதிரி எண்ணட்டும். ரெண்டு நம்பரையும் எனக்கு எழுதி அனுப்புங்க, நானும் எண்ணி வச்சிருக்கேன், ஒத்துவருதான்னு பாப்போம்.

அடுத்தது... திருநெல்வேலிலேர்ந்து ஒருத்தர், சப்டைட்டில் வேகமா ஓடுது, படிக்க முடியலைன்னு கேட்டிருக்கார்.